ஸ்லோவில் நிற்காத டொயோட்டா

பழைய வண்டி ஸ்லோவில் நிற்கவில்லை என்றால், அதாவது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் மெதுவாக ஓடாமல் அணைந்துபோனால், எல்லோருடைய கையும் நேரே காற்றில் பெட்ரோலைக் கலந்து கொடுக்கிற கார்புரேட்டருக்குத்தான் போகும். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் கண்ணெதிரே ஸ்க்ரூ, கையில் ஸ்க்ரூடிரைவர். டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், பார்க்கத் தனியாக லைட் வேண்டும். வால்வுகளைத் தட்டித் திறக்கிற டேப்பட்டைப் பார்க்க வால்வு கவரைக் கழற்ற வேண்டும். வேண்டாத ஏர் எந்த ஓட்டை வழியாக இழுக்கிறது என்று தேடப் பொறுமை வேண்டும். அதெல்லாம் யாருக்கு இருக்கிறது? அதனால்தான் முப்பது நாற்பது வருடம் ஓடிய வண்டிகளில் ஸ்லோ வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூவின் தலை மட்டும் தேய்ந்து வழுவழுவென்று கிடக்கிறது.

என் கட்சி வேறு. ஸ்லோ தகராறு என்று வருகிற வண்டியில் கார்புரேட்டரைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் பார்த்து, சரிசெய்து, அப்புறமும் நிற்கவில்லை என்றால்தான் அதன் மேல் சந்தேகப்பட நமக்கு உரிமை. ஏன் என்பதை ஒரு 1984 டொயோட்டா பிக்கப்பை வைத்துச் சொல்கிறேன்.

வண்டி என்னுடையது இல்லை. கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் தம்பி ஒருவர் வாங்கியது. இந்த ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் உலர்திராட்சைத் தோட்டங்கள். அப்படி ஒரு தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்த வண்டி. 22ஆர் எஞ்சின், 2,366 சிசி, நாலு சிலிண்டர், பின்சக்கர ஓட்டம். உலகமெல்லாம் ஹைலக்ஸ் என்று அழைக்கிற வண்டிதான். அமெரிக்காவில் அப்போது அதற்குப் பெயரே கிடையாது, வெறும் டொயோட்டா பிக்கப். அதே 1984 மாடலில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வைத்த (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சுகிற) 22ஆர்-ஈ எஞ்சினும் கிடைத்தது, ஆனால் கார்புரேட்டர் வண்டிதான் விலை குறைவு. தோட்டக்காரர்கள் எதை வாங்கியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

விற்றவர் ஒளிக்கவில்லை. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகும், சில நாள் நன்றாக நிற்கும், கார்புரேட்டர் போய்விட்டது என்று சொல்லி விலையையும் குறைத்தே கொடுத்திருக்கிறார். நிற்காமல் இருக்க ஸ்லோவை ஏற்றி வைத்திருந்தார். சாவியைத் திருப்பியதும் தோட்டத்து மோட்டார் மாதிரி உறுமியது.

“அண்ணா, பேசாம வெபர் 32/36 கார்புரேட்டர் வாங்கிப் போட்டுடலாமா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.”

“போடலாம் தம்பி. ஸ்மாக் டெஸ்ட்டுக்கு என்ன பண்ணுவீங்க?”

கலிஃபோர்னியாவில் 1976 மாடலும் அதற்குப் பிந்தியதுமான பெட்ரோல் வண்டிகள், புது வண்டிகளுக்கான சில வருட விலக்கு முடிந்தபின், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். 1975 வரைக்கும் விலக்கு. ஃப்ரெஸ்னோ மாதிரி காற்று மோசமான பகுதிகளில் இந்த வயது வண்டியை உருளை மேல் ஏற்றி, மணிக்கு 15 மைல் வேகத்திலும் 25 மைல் வேகத்திலும் சுமை கொடுத்து ஓட்டிப் புகையை அளப்பார்கள். அதோடு விடுவதில்லை. ஹூட்டைத் திறந்து, கம்பெனி வைத்த புகைக்கட்டுப்பாட்டுச் சாமான்கள் எல்லாம் இருக்கிறதா என்று கண்ணாலும் பார்ப்பார்கள். மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இல்லாத கார்புரேட்டர் உட்கார்ந்திருந்தால், புகை எவ்வளவு சுத்தமாக வந்தாலும் ஃபெயில்தான். வெபர் நல்ல கார்புரேட்டர், அதில் எனக்குச் சண்டை இல்லை. வேறு மாநிலத்தில் இருந்தால் நானும் யோசித்திருப்பேன். ஆனால் ஏர் இழுக்கிற எஞ்சினில் வெபரை வைத்தால் வெபரும் நிற்காது. வேறு எதையும் பார்க்காமல் கார்புரேட்டரை மட்டும் மாற்றிவிட்டு, புதியதையும் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

ஸ்லோவில் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம். இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆக்சிலேட்டரை விட்டதும், கார்புரேட்டரில் காற்றின் வழியைத் திறந்து மூடுகிற த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. மேலே வென்சுரி என்கிற குறுகலான கழுத்து வழியாகப் போகிற காற்றுக்குப் பெட்ரோலை இழுக்கும் அளவுக்கு வேகம் இல்லை. ஓடும்போது பெட்ரோல் கொடுக்கிற மெயின் ஜெட்டுக்கு அந்த நேரத்தில் வேலையே கிடையாது. தகட்டுக்குக் கீழேயோ எஞ்சின் விடாமல் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. வேக்குவம், அதாவது அந்த உறிஞ்சல், அங்கே மிக அதிகம், நல்ல எஞ்சினில் பாதரசக் கணக்கில் 17 முதல் 21 அங்குலம் வரை. அந்த உறிஞ்சலுக்கு, தகட்டின் விளிம்புக்குக் கீழே இருக்கிற ஐடில் (ஸ்லோ) துளை வழியாகப் பெட்ரோல் வருகிறது. பெட்ரோல் தேங்கி நிற்கிற ஃப்ளோட் சேம்பரிலிருந்து கிளம்பி, ஸ்லோ ஜெட்டில் நுழைந்து, வழியில் கொஞ்சம் காற்றைச் சேர்த்துக்கொண்டு, சொலினாய்டு என்கிற ஒரு கரண்ட் வால்வைத் தாண்டி, பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸ்சர் ஸ்க்ரூவின் கூர்முனையை உரசியபடி வெளியே வரும். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் அளவுதான். அந்த ஒரு பொட்டுத் துளையை நம்பித்தான் வண்டி சிக்னலில் நிற்கிறது.

தகட்டின் விளிம்பை ஒட்டி இன்னும் சில துளைகள் உண்டு. ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டதும் தகடு நகர்ந்து அவை வேக்குவத்துக்குத் திறந்துகொள்ளும். மெயின் ஜெட் வேலைக்கு வரும்வரை பெட்ரோல் கொடுத்துத் தாங்குவது அவைதான். பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரில், உறிஞ்சலைக் கொண்டு டைமிங்கை முன்னால் நகர்த்துகிற வேக்குவம் அட்வான்ஸுக்குப் போகிற துளையும் அதே இடத்தில், மூடிய தகட்டுக்குச் சற்று மேலே இருக்கும்.

இப்போது ஸ்லோ ஸ்க்ரூவை இஷ்டத்துக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். தகடு திறந்தே நிற்கும். அந்த விளிம்புத் துளைகள் எப்போதும் திறந்தபடி பெட்ரோல் கொடுக்கும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை உள்ளே வெளியே எப்படித் திருப்பினாலும் எஞ்சின் அசையாது, ஏனென்றால் பெட்ரோல் அதன் வழியாக மட்டும் வரவில்லை. அட்வான்ஸ் துளைக்கும் வேக்குவம் போய் டைமிங் முன்னால் ஓடும், அதில் வேகம் இன்னும் ஏறும். சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் குலுங்கிக் குலுங்கி ஓடப் பார்க்கும். ஒரு குறையை மறைக்கப் போய் நாலு குறை. இந்த நிலையில் இருக்கிற வண்டியில் மிக்ஸ்சரைத் திருகி ட்யூன் பண்ணுவது நேரக்கேடு.

தம்பியின் வண்டி அந்த நிலையில்தான் வந்தது.

ஹூட்டைத் திறந்தால் முதலில் பயமுறுத்துவது ஹோஸ்கள். அந்தக் காலத்துப் புகைச் சட்டங்களுக்காக டொயோட்டா இந்த எஞ்சினைச் சுற்றி ஒரு வலையே பின்னியிருக்கிறது. ஈஜிஆர், சோக் திறப்பான், வெப்பத்துக்கு ஏற்ப வேக்குவத்தைத் திறந்து மூடுகிற வால்வுகள், கரித்தூள் டப்பா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஹோஸ். எது எங்கே போகிறது என்று ஹூட்டின் அடியில் ஒரு படம் ஒட்டியிருக்கும். இந்த வண்டியில் அந்த ஸ்டிக்கர் மங்கலாகவாவது மிச்சம் இருந்தது பெரிய புண்ணியம். முந்தைய கைகள் சில ஹோஸ்களைப் பிடுங்கிவிட்டு வாயை அடைத்திருந்தன. அடைக்கப் பயன்படுத்தியது என்ன தெரியுமா? கோல்ஃப் பந்தைத் தரையில் நிறுத்தி அடிக்க வைக்கும் மரக்குச்சி. அமெரிக்கப் பழைய வண்டிகளில் இது ரொம்பச் சகஜம். கூம்பாக இருப்பதால் எந்த ஹோஸிலும் இறுகி உட்கார்ந்துகொள்ளும். யார் கண்டுபிடித்தாரோ, கெட்டிக்காரர்தான்.

படத்தைப் பார்த்து எல்லா ஹோஸையும் அதனதன் இடத்தில் மாட்டினோம். விறைத்துப்போனதை எல்லாம் மீட்டர் கணக்கில் வாங்கிய புது ஹோஸால் மாற்றினோம். வேலை சலிப்பானது, செலவு சொற்பம். ஒரே நேரத்தில் இரண்டு ஹோஸைக் கழற்றாதீர்கள் என்பதைத் தவிர இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அப்புறம் வேக்குவம் கேஜை மாட்டினோம். எங்கள் கராஜில் எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான், விலையும் அதிகமில்லை. கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகிற குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு ஹோஸைச் செருகிவிட்டு முள்ளைப் பார்த்தாலே எஞ்சின் பேசும். முள் அசையாமல் குறைவாக நின்றால் ஏர் இழுக்கிறது, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது. ஒரு தாளத்தில் டிக், டிக் என்று விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. மெதுவாக மேலும் கீழும் மிதந்தால்தான் மிக்ஸ்சர் பக்கம் போக வேண்டும். இந்த வண்டியில் முள் 14-ஐ ஒட்டி நின்றது, அதற்கு மேல் ஒரு சின்னத் துடிப்பும் இருந்தது. ஆக, குறைந்தது இரண்டு நோய். கார்புரேட்டரை இன்னும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏர் இழுப்பது ஸ்லோவில் மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது? ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாய்க்கு வருவது பாதி காற்று. ஸ்லோவில் எஞ்சினுக்கு வேண்டிய மொத்தக் காற்றே கொஞ்சம், உறிஞ்சலோ அதிகம். ஒரு பென்சில் முனை அளவு ஓட்டையும் மிக்ஸ்சரை லீன் (காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தது) ஆக்கிவிடும். ஆக்சிலேட்டரை மிதித்து ஓட்டும்போது வேக்குவம் விழுந்துவிடுகிறது, உள்ளே போகும் காற்றும் பலமடங்கு. அப்போது அந்த ஓட்டையை எஞ்சின் சட்டை செய்வதில்லை. ரோட்டில் பறக்கிற வண்டி சிக்னலில் செத்துப்போவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

ஓட்டையைத் தேடப் பலரும் கார்ப் கிளீனரைப் பீய்ச்சுவார்கள். பீய்ச்சிய இடத்தில் எஞ்சின் வேகம் மாறினால் அங்கே ஓட்டை. வேலை செய்யும், ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, தீயும் பிடிக்கும். 22ஆர் எஞ்சினில் கார்புரேட்டர் ஒரு பக்கம், எக்ஸாஸ்ட் மறுபக்கம் என்பதால் கொஞ்சம் தேவலை. அப்படியும் தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமல் நான் செய்வதில்லை. அதற்கும் முன்னால் ஒரு எளிய வேலை இருக்கிறது. ஒவ்வொரு ஹோஸாக மூக்குக் குறட்டால் மெதுவாக நசுக்க வேண்டும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸை நசுக்கினோம், மாற்றமில்லை. பூஸ்டர் நலம். வால்வு கவரிலிருந்து மேனிஃபோல்டுக்கு எண்ணெய்ப் புகையைக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸை நசுக்கியதும் எஞ்சினின் குரலே மாறியது. வேகம் லேசாக இறங்குவது இயல்பு, அது பிசிவி வால்வு வேலை செய்கிறது என்பதன் அடையாளம். இங்கேயோ நசுக்கியதும் எஞ்சின் நன்றாகிவிட்டது.

கழற்றிப் பார்த்தால் மேலிருந்து ஹோஸ் அப்பழுக்கில்லாமல் இருந்தது. வளைவின் அடிப்பக்கம், நாம் குனிந்தாலும் கண்ணுக்குப் படாத இடத்தில், ஒரு கட்டைவிரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. எண்ணெய்ப் புகை பட்டுப் பட்டு ரப்பர் ஊறி, பிசுபிசுத்து, உள்ளிருந்து வெளியே கிழிந்திருக்கிறது. கையில் வளைத்தால் வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். எஞ்சின் உறிஞ்சும்போது எவ்வளவு திறந்ததோ. புது ஹோஸ் போட்டதும் முள் 18-க்கு வந்தது. பிசிவி வால்வைக் காதருகே குலுக்கினோம், கடகடவென்று சத்தம் வந்தது, நல்லது. சத்தம் வராவிட்டால் அதையும் மாற்ற வேண்டும், சில டாலர்தான்.

கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு தடித்த கட்டை இருக்கும். எஞ்சினின் சூடு கார்புரேட்டருக்கு ஏறாமல் தடுக்கிற இன்சுலேட்டர். வயதானால் அதில் விரிசல் விடும், அல்லது அதன் கேஸ்கெட் சுருங்கும். அதைச் சுற்றியும் பார்த்தோம், இதில் நன்றாகவே இருந்தது. இங்கே ஏர் இழுத்தால் போல்டை வெறி கொண்டு இறுக்காதீர்கள். அடித்தட்டு வளைந்துகொள்ளும், அப்புறம் எந்த கேஸ்கெட்டும் அடைக்காது.

அடுத்து ஈஜிஆர். எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விட்டு, எரியும் சூட்டைக் குறைக்கிற வால்வு. ஓடும்போது மட்டும் திறக்க வேண்டும், ஸ்லோவில் மூடியே இருக்க வேண்டும். ஒரு கரித்துண்டு இடையில் சிக்கினால்கூட மூடாமல் நின்று ஸ்லோவைக் கெடுக்கும். எஞ்சின் ஸ்லோவில் இருக்கும்போது அதற்கு நேரடியாக வேக்குவம் கொடுத்தால் எஞ்சின் குலுங்க வேண்டும், அல்லது ஆஃப் ஆக வேண்டும். நம் வண்டி குலுங்கியது, வேக்குவத்தை எடுத்ததும் தெளிந்தது. சரி. இதற்குப் பயந்து ஈஜிஆரை ஒரேயடியாகத் தகடு வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் எரியும் சூடு ஏறி நைட்ரிக் ஆக்சைடு கூடும், ஸ்மாக் டெஸ்ட்டில் அங்கேதான் மாட்டுவார்கள்.

கேஜ் முள்ளின் துடிப்பு மட்டும் போகவில்லை. வால்வு கவரைக் கழற்றினோம். 22ஆர் எஞ்சினுக்கு டேப்பட் கிளியரன்ஸ் (டேப்பட்டுக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடைவெளி) எஞ்சின் சூடாக இருக்கும்போது பார்க்க வேண்டும், இன்டேக் 0.2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.3. சூடான எண்ணெய் கையில் தெறிக்கத் தெறிக்க வேலை செய்ய வேண்டும், வேறு வழி இல்லை. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்டில் 0.3 ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) உள்ளேயே போகவில்லை, 0.2 இழுத்துப் பிடித்துக்கொண்டு போனது. பழைய எஞ்சினில் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் இருக்கைக்குள் இறங்கும், இடைவெளி குறைந்துகொண்டே வரும். சத்தம் போடுகிற டேப்பட்டைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். இடைவெளி குறைந்த டேப்பட் சத்தமே போடாது. வால்வு முழுதாக மூடாமல், சூட்டை இருக்கைக்குக் கடத்த முடியாமல், ஒருநாள் கருகும். எட்டையும் சரிசெய்து மூடியபின் துடிப்பு அடங்கியது.

பிளக்குகள் நாலும் வெளுத்துக் கிடந்தன, அதாவது லீன். ஏர் இழுத்ததற்கு அதுவும் சாட்சி. 0.8 மில்லிமீட்டர் இடைவெளியில் புதியவை போட்டோம். வேக்குவம் அட்வான்ஸ் ஹோஸில் வாய் வைத்து உறிஞ்சிப் பார்த்தோம், உள்ளே டயாஃப்ரம் பிடித்தது. டைமிங்கை ஸ்டிக்கரில் உள்ளபடி வைத்தோம். இந்தப் பகுதியில் புதிதாக ஒன்றும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு எஞ்சின் மிருதுவாக ஓடியது, ஆனால் ஸ்லோவை இறக்கினால் நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்குக் கீழே நிற்கவில்லை. சில சமயம் நிற்கும், கராஜ் கதவை டமாலென்று சாத்தினாலே ஆஃப் ஆகிவிடும் போலிருந்தது.

“இப்பவாவது கார்புரேட்டரைக் கழட்டலாமாண்ணா?”

விற்றவர் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு அப்போதுதான் உறைத்தது: சில நாள் நன்றாக நிற்கும். அடைத்த ஜெட் பெரும்பாலும் அடைத்தபடியே இருக்கும். கிழிந்த ஹோஸ் கிழிந்தபடியே இருக்கும். நினைத்தால் வருவதும் நினைத்தால் போவதும் பெரும்பாலும் கரண்ட் சமாசாரம். ஸ்லோ பாதையில் கரண்ட் சம்பந்தப்பட்ட சாமான் ஒன்றே ஒன்றுதான்.

முன்பு சொன்ன அந்த சொலினாய்டு. சாவியைப் போட்டதும் கரண்ட் வந்து அதன் ஊசி பின்வாங்கி ஸ்லோ பாதையைத் திறக்கும். சாவியை எடுத்ததும் ஊசி ஸ்ப்ரிங்கால் முன்னே வந்து அடைத்துவிடும், அதனால் எஞ்சின் அணைந்தபின் பெட்ரோல் குடித்துக் குலுங்காது. கரண்ட் போகவில்லை என்றால் ஸ்லோ பாதை மொத்தமும் மூடிக் கிடக்கும். மெயின் ஜெட் இழுக்கும் அளவுக்கு ஆக்சிலேட்டரில் கால் வைத்திருக்கும்வரை வண்டி ஓடும், எடுத்தால் போச்சு. அறிகுறி அப்படியே அடைத்த கார்புரேட்டர் மாதிரி இருக்கும். எத்தனை கார்புரேட்டர்கள் இதனால் குப்பைக்குப் போயினவோ.

எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் போடச் சொல்லி, விரலை சொலினாய்டின் மேல் வைத்தேன். ஒன்றுமில்லை. பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து நேரடியாகக் கொடுத்தேன். டிக். விரல் நுனியில் ஒரு சின்ன உதை. ஆக சொலினாய்டு உயிரோடு இருக்கிறது. வயரைக் கையில் பிடித்து கனெக்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டு வந்தால், ஓர் இடத்தில் வயர் எலும்பில்லாத மாதிரி துவண்டது. மேலுறை முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கிறது. எஞ்சினின் அதிர்வில் அறுந்த முனைகள் ஒட்டினால் ஸ்லோ நிற்கும், விலகினால் ஆஃப். பழைய உறையைச் சீவிப் பார்த்தால் செம்பு பச்சை பிடித்துப் பொடியாகிக் கொட்டியது. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புதுத் துண்டைச் சால்டரிங் செய்து, சுருங்கும் குழாய் போட்டு மூடினோம்.

இந்தச் சொலினாய்டு தகராறுக்கு இணையத்தில் பிரபலமான வைத்தியம் ஒன்று உண்டு: அதைக் கழற்றி ஊசியின் நுனியை வெட்டிவிட்டு மறுபடி மாட்டுவது. பாதை எப்போதும் திறந்தே இருக்கும், ஸ்லோ நிற்கும். சாவியை எடுத்தபின் எஞ்சின் கக்கிக் கக்கி நிற்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடுக்காட்டில் மாட்டிக்கொண்டால் செய்யலாம். வீட்டு வாசலில், கையில் மல்டிமீட்டர் இருக்கும்போது எதற்கு?

கடைசியாகத்தான் கார்புரேட்டர். ஐசான் கம்பெனி டொயோட்டாவுக்காகச் செய்தது, இரண்டு பேரல். அதன் முகத்தில் சின்ன வட்டக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்தால் உள்ளே ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் மட்டம் தெரியும். கண்ணாடியின் நடுப்புள்ளியை ஒட்டி மட்டம் நின்றால் ஃப்ளோட்டும் நீடில் வால்வும் பெட்ரோல் பம்பும் மூன்றும் சரி. எதையும் கழற்றாமல் மூன்று சாமானுக்கு நற்சான்று தரும் இந்த ஏற்பாட்டை மற்ற கம்பெனிகளெல்லாம் ஏன் காப்பியடிக்கவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. மட்டம் புள்ளியில் இருந்தது. எஞ்சின் ஓடும்போதும் அசையவில்லை.

அதனால் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டி வந்திருந்தால், மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் காய்ந்து அரக்கு மாதிரி ஒட்டியிருக்கும் இடம் ஸ்லோ ஜெட்டும் அதன் பாதையும்தான். கார்ப் கிளீனரில் ஊற வைத்து, கம்ப்ரெஸர் காற்றால் ஊத வேண்டும். ஊரில் சில பைக் மெக்கானிக்குகள் செய்கிற மாதிரி கிளட்ச் கேபிளின் கம்பியை விட்டுக் குடையக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் ஜெட் போனது போனதுதான். அப்புறம் த்ராட்டில் தண்டை விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். அது தேய்ந்து ஆடினால் அங்கேயே ஏர் இழுக்கும், ரிப்பேர் கிட் எதுவும் அதைச் சரிசெய்யாது. வேறு கார்புரேட்டர் வாங்க அது ஒன்றுதான் நான் ஒத்துக்கொள்ளும் காரணம்.

செட்டிங் கடைசி. கம்பெனி இந்த மிக்ஸ்சர் ஸ்க்ரூவை யாரும் தொடக்கூடாது என்று ஒரு உலோக மூடியால் அடைத்து அனுப்பியது. இந்த வண்டியில் அதை யாரோ எப்போதோ துளைத்து எடுத்துவிட்டிருந்தார்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் முழுதாகத் திறந்து, ஏசி அணைந்து, எல்லா ஹோஸும் மாட்டியிருக்கும்போது, மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்பி வேகம் எங்கே உச்சமோ அங்கே நிறுத்த வேண்டும். பிறகு ஸ்லோ ஸ்க்ரூவால் வேகத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். மறுபடி மிக்ஸ்சரில் உச்சம் தேட வேண்டும். இனி ஏறாது என்று ஆனபின், வேண்டிய ஸ்லோவைவிடச் சற்று அதிகத்தில் நிறுத்தி, கடைசி இறக்கத்தை மிக்ஸ்சரை லீன் பக்கம் திருப்பியே செய்ய வேண்டும். டொயோட்டா மேனுவல் சொல்கிற வழி இதுதான். இப்போது ஸ்க்ரூவின் கால் திருப்புக்கும் எஞ்சின் பதில் சொன்னது. 700-ஐ ஒட்டி வேகம் காட்டும் முள் நின்றது. டாஷ்போர்டில் வைத்த காப்பி அலையடிக்கவில்லை என்று தம்பி படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார்.

ஒரு தொந்தரவு மட்டும் ஃப்ரெஸ்னோ வெயில் கொடுப்பது. ஜூலையில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊர் இது. வண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்தால் கிளம்ப அடம்பிடிக்கும். எஞ்சின் அணைந்ததும் ஃபேனும் இல்லை, உள்ளே வரும் குளிர்ந்த பெட்ரோலும் இல்லை. அடியிலிருந்து சூடு மேலேறும். பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரிக்குள்ளாகவே ஆவியாகக் கொதிக்கத் தொடங்கிவிடும். ஃப்ளோட் சேம்பரில் கொதித்த பெட்ரோல் வழிந்து மேனிஃபோல்டில் கொட்டி எஞ்சின் நனைந்துபோகும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் இந்தக் கூத்து கிடையாது. இதற்கு வழி: ஆக்சிலேட்டரைப் பம்ப் அடிக்காமல், முழுதாக மிதித்தபடி பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைப் போடுவது. காற்று புகுந்து நனைந்ததை உலர்த்திக் கிளப்பிவிடும். பம்ப் அடித்தால் இன்னும் பெட்ரோல் ஊற்றுகிறோம் என்று அர்த்தம். சூட்டில் ஸ்லோ ரிச் (பெட்ரோல் கூடுதல்) ஆகாமலிருக்கக் கொஞ்சம் கூடுதல் காற்று விடுகிற வால்வு ஒன்றை டொயோட்டாவே ஏர் ஃபில்டரில் வைத்திருக்கிறது. இந்த வண்டியில் அதன் ஹோஸிலும் ஒரு கோல்ஃப் குச்சி இருந்தது.

மலைக்குப் போனாலும் ஸ்லோ கொஞ்சம் மாறும். ஷேவர் ஏரி இங்கிருந்து 168 நெடுஞ்சாலையில் ஏறினால் ஐயாயிரம் அடிக்கு மேல். அங்கே காற்று அடர்த்தி குறைவு, பெட்ரோல் அதே அளவு வருவதால் மிக்ஸ்சர் ரிச் ஆகி வண்டி சற்றே கனைக்கும். வேக்குவம் கேஜிலும் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைவாகத்தான் காட்டும், பதறக் கூடாது. அங்கே ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்தால் கீழே இறங்கியதும் லீன் ஆகிவிடும். விட்டுவிட வேண்டும்.

ஸ்மாக் டெஸ்ட்டில் பாஸ். செலவு என்று பார்த்தால் ஹோஸ், பிளக், வால்வு கவர் கேஸ்கெட், ஒரு முழம் வயர். வெபர் வாங்க வைத்திருந்த காசில் தம்பி டயர் போட்டுக்கொண்டார். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஏசியைப் போட்டால் ஸ்லோ 500-க்கு விழுகிறது. கம்ப்ரெஸர் ஓடும்போது த்ராட்டிலைச் சற்றே தள்ளிப் பிடிக்க வேண்டிய ஐடில்-அப் டயாஃப்ரம் அசைவதில்லை. கிழிந்ததா, அல்லது அதற்கு வேக்குவம் கொடுக்கிற சுவிட்ச் போனதா என்று இனிதான் பார்க்க வேண்டும். ஸ்லோ ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றிவிடலாமே என்று கேட்டார். ஸ்க்ரூடிரைவரை வாங்கி என் டூல் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன்.